126 வந்தால் நோயாளி, 125 வந்தால் ஆரோக்கியசாலியா?

"டாக்டர் பொய் சொல்லலாம், மெஷின் பொய் சொல்லாது." சுகர் டெஸ்ட் விஷயத்தில் நிறைய பேருடைய நம்பிக்கை இதுதான். லேபில் இருந்து வரும் தாளில் ஒரு எண் தடித்த எழுத்தில் இருக்கும். பக்கத்திலேயே "நார்மல்" என்று ஒரு வரம்பு. வரம்பைத் தாண்டினால் வீட்டில் அன்றைக்கே சர்க்கரை டப்பா ஒளித்து வைக்கப்படும். தாண்டாவிட்டால் வரும் வழியிலேயே அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கப்படும்.

இரண்டுமே தப்பு. அந்த எண் தீர்ப்பு இல்லை. அது ஒரு சாட்சி, அவ்வளவுதான். சாட்சி நேர்மையானவராக இருக்கலாம். ஆனால் அவர் எங்கே நின்று பார்த்தார், எவ்வளவு வெளிச்சம் இருந்தது, கண்ணாடி போட்டிருந்தாரா என்றெல்லாம் கேட்காமல் எந்த நீதிபதியும் ஒருவரை ஆயுள் தண்டனைக்கு அனுப்ப மாட்டார். நீரிழிவு என்ற முத்திரையும் ஏறக்குறைய ஆயுள் தண்டனை மாதிரிதான். ஒரு தடவை குத்திவிட்டால் மாத்திரை, சாப்பாடு, இன்ஷூரன்ஸ் எல்லாமே மாறிப் போகும். இருக்கிற நோயை இல்லை என்று சொல்லிவிட்டால் அதைவிட மோசம். கண்ணும் கிட்னியும் காலும் சத்தமில்லாமல் பாதிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும்.

பி.காம். படிக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. ஒரே ஒரு வவுச்சரைப் பார்த்துவிட்டு "கணக்கு சரி" என்று கையெழுத்துப் போடும் ஆடிட்டர் ஆடிட்டரே இல்லை. ரத்தப் பரிசோதனைக்கும் அதே விதிதான்.

நாலு டெஸ்ட், நாலு கேள்வி

அந்தக் காலத்தில் சிறுநீரில் எறும்பு மொய்க்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு பெனடிக்ட் கரைசல் வந்தது. பள்ளிக்கூட லேபில் நீலம் பச்சையாகி, பச்சை செங்கல் நிறமாகும் அதே கரைசல்தான். அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டினால்தான் பெரும்பாலானவர்களுக்குச் சிறுநீரில் இறங்கும். அதற்குக் கீழே உள்ளவர்கள் எல்லாம் தப்பித்துவிடுவார்கள். அதனால்தான் ரத்தப் பரிசோதனைக்கு மாறினார்கள்.

இன்றைக்கு உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழிகள் நான்கு. எட்டு மணி நேரமாவது வெறும் வயிற்றில் இருந்து எடுக்கும் ஃபாஸ்டிங் அளவு 126 அல்லது அதற்கு மேல். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுத்தால் 200 அல்லது அதற்கு மேல். எச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல். கடைசியாக, தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவு போன்ற அறிகுறிகளும் இருந்து, எந்த நேரத்தில் எடுத்தாலும் 200 அல்லது அதற்கு மேல். (சர்க்கரை அளவு எல்லாமே ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.)

நாலும் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை. ஃபாஸ்டிங், ராத்திரி முழுக்கச் சும்மா இருந்த உடம்பு சர்க்கரையை எப்படி வைத்திருக்கிறது என்று கேட்கிறது. குளுக்கோஸ் குடிக்கும் டெஸ்ட், திடீரென்று ஒரு சுமையை ஏற்றினால் உடம்பு சமாளிக்கிறதா என்று கேட்கிறது. எச்பிஏ1சி, கடந்த இரண்டு மூன்று மாதத்துக் கணக்கைச் சராசரியாகக் கேட்கிறது. கேள்வி வேறு என்றால் பதிலும் வேறாக வரலாம். ஒருவருக்கே ஒன்றில் நார்மல், இன்னொன்றில் நோய் என்று வருவது மெஷின் கோளாறு இல்லை. அடிக்கடி நடப்பதுதான்.

கோடு போட்டது யார்?

126க்கு என்ன மகிமை? 1997 வரை அந்தக் கோடு 140ல் இருந்தது. அந்த வருஷம் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அதை 126க்கு இறக்கியது. பிறகு உலக சுகாதார நிறுவனமும் 1999ல் அதையே ஏற்றுக்கொண்டது. முந்தைய நாள் ராத்திரி 130 அளவோடு ஆரோக்கியமாகத் தூங்கப் போனவர், காலையில் எழுந்தபோது நீரிழிவுக்காரர். அவர் உடம்பில் எதுவும் மாறவில்லை. மாறியது கோடு.

இதில் சூழ்ச்சி ஒன்றும் இல்லை. எந்த அளவைத் தாண்டினால் கண்ணின் விழித்திரையில் நீரிழிவுக்கே உரிய பாதிப்பு தெரிய ஆரம்பிக்கிறது என்று பல ஊர் மக்களிடம் பார்த்து, அந்த வளைவு ஏறத் தொடங்கும் இடத்தில் கோடு போட்டார்கள். நியாயமான முறைதான். ஆனால் அந்த வளைவு படிக்கட்டு மாதிரி இல்லை, மலைப்பாதை மாதிரி. 125க்கும் 126க்கும் நடுவே பள்ளத்தாக்கு எதுவும் கிடையாது.

அதற்குக் கீழே இன்னும் வேடிக்கை. "ப்ரீ டயபடிஸ்" எனப்படும் முன்நிலை, அமெரிக்கச் சங்கத்தின் கணக்கில் 2003ல் இருந்து ஃபாஸ்டிங் 100லேயே தொடங்கிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 110ல்தான் தொடங்குகிறது. 105 வந்தவர் ஒரு புத்தகப்படி எல்லையில் நிற்கிறார், இன்னொரு புத்தகப்படி சுத்தமாக நார்மல். எந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டது என்று லேப் தாளில் பெரும்பாலும் இருக்காது. ஒரே கம்பெனியின் லாபம், கணக்கு வைக்கும் முறையைப் பொறுத்து இரண்டு விதமாக வருவது போலத்தான் இதுவும்.

ரத்தம் மெஷினுக்குப் போகும் முன்பே...

துல்லியம் என்றதும் எல்லோருக்கும் மெஷின்தான் ஞாபகம் வரும். நல்ல ஆய்வகத்தில் குளுக்கோஸ் அளக்கும் மெஷின் ரொம்பவே நம்பகமானது. தப்பு நடப்பது பெரும்பாலும் அதற்கு முன்னால்.

ஊசியில் எடுத்த ரத்தம் குழாயில் இருக்கும்போதும் உயிரோடுதான் இருக்கிறது. ரத்த அணுக்கள் அந்தச் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அப்படியே வைத்தால் அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். உண்மையில் 130 இருந்தவரின் ரத்தம் இரண்டு மணி நேரம் பெட்டியில் கிடந்தால் என்ன ஆகும்? மணிக்கு 6 சதவீதம் என்று கணக்குப் போட்டால் 115 ஆகிவிடும். நோயாளி நோய் இல்லாதவராகிவிட்டார். மெஷின் பொய் சொல்லவில்லை. தன்னிடம் வந்த ரத்தத்தில் இருந்ததைச் சரியாகத்தான் சொன்னது.

இதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடி போட்ட குழாய். அதில் சோடியம் ஃபுளோரைடு இருக்கும். ஆனால் அதுவும் உடனே வேலை செய்வதில்லை. முதல் ஒன்றிரண்டு மணி நேரம் சர்க்கரை கொஞ்சம் குறையத்தான் செய்யும். ரத்தத்தை ஐஸில் வைத்துச் சீக்கிரம் பிரிக்க வேண்டும், அல்லது சிட்ரேட் கலந்த குழாய் வேண்டும். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்து, பைக்கில் பத்து வீடு சுற்றி, மதியம் லேப் போய்ச் சேரும் இந்தக் காலத்தில் "எடுத்து எத்தனை மணி நேரத்தில் பிரிக்கிறீர்கள்?" என்பது கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் "எத்தனை பர்சன்ட் டிஸ்கவுன்ட்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள் :-)

அடுத்தது டிபன் விவகாரம். ஃபாஸ்டிங் கொடுத்துவிட்டு, பக்கத்து ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து ரத்தம் கொடுப்பது தமிழ்நாட்டில் எங்கும் உள்ள வழக்கம். ஒருவர் இரண்டு இட்லி சாப்பிடுவார். இன்னொருவர் பூரி, பொங்கல், ஒரு காபி என்று முடிப்பார். இருவருக்கும் ஒரே வரம்பு. சிகிச்சையில் இருப்பவருக்கு மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க இது உதவும். ஆனால் நோய் இருக்கிறதா என்று முடிவு செய்யும் பட்டியலில் இந்த டிபன் டெஸ்ட் இல்லவே இல்லை. அங்கே இருப்பது அளந்து கரைத்த 75 கிராம் குளுக்கோஸ் மட்டும்தான்.

அந்த 75 கிராம் டெஸ்ட்டுக்கும் நிபந்தனை உண்டு. முந்தைய மூன்று நாள் வழக்கம் போல சோறு, இட்லி எல்லாம் சாப்பிட்டிருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 150 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போயிருக்க வேண்டும். பேலியோ, கீட்டோ என்று மாவுச்சத்தையே நிறுத்திவிட்டு நேராகப் போய்க் குளுக்கோஸ் குடித்தால், பழக்கம் விட்டுப்போன உடம்பு தடுமாறி, இல்லாத நோயைக் காட்டலாம்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் மனித உடம்பு ஒரே எண்ணைத் தினமும் காட்டாது. அமெரிக்காவில் ஒரே ஆளிடம் சில வாரம் விட்டு இரண்டாம் முறையும் ரத்தம் எடுத்து ஒப்பிட்டார்கள். 2007ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, ஒரே ஆளுக்குள் இருக்கும் ஏற்ற இறக்கம் குளுக்கோஸ் குடிக்கும் டெஸ்ட்டில் 16.7 சதவீதம், ஃபாஸ்டிங்கில் 5.7, எச்பிஏ1சியில் 3.6. அதாவது ஃபாஸ்டிங் சராசரி 126 உள்ள ஒருவருக்கு ஒரு நாள் 119ம் இன்னொரு நாள் 133ம் வருவது சகஜம். எந்த நாள் லேபுக்குப் போனார் என்பது அவர் பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதப்படும் என்பதை முடிவு செய்துவிடுகிறது.

எச்பிஏ1சி: நல்ல டெஸ்ட், ஆனால்...

இந்தப் பிரச்சினைக்கெல்லாம் பதில் என்று சொல்லப்படுவதுதான் "மூணு மாச சுகர்". ரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் சர்க்கரை மெல்ல ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் விடாது. அணு சுமார் 120 நாள் வாழும். எவ்வளவு ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் அந்த நாட்களின் சராசரி தெரியும். நீரிழிவுக்காரர்களின் ரத்தத்தில் இப்படி ஒரு மாறிய ஹீமோகுளோபின் இருப்பதை 1968ல் ஈரானைச் சேர்ந்த சாமுவேல் ரஹ்பர் கண்டு சொன்னார். முதலில் சிகிச்சையைக் கண்காணிக்க மட்டும் பயன்பட்டது. நோயைக் கண்டுபிடிக்கவும் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கச் சங்கம் 2010லும், உலக சுகாதார நிறுவனம் 2011லும் ஒப்புக்கொண்டன.

நன்மைகள் நிஜம். பட்டினி வேண்டாம். குழாயில் கிடந்தாலும் சர்க்கரையைப் போலச் சட்டென்று குறையாது. டெஸ்ட்டுக்கு முந்தைய மூன்று நாள் மட்டும் ஸ்வீட்டை நிறுத்தி டாக்டரை ஏமாற்றும் வித்தை பலிக்காது.

ஆனால் இந்த டெஸ்ட் சர்க்கரையை நேரடியாக அளப்பதில்லை. ஹீமோகுளோபின் வழியாக அளக்கிறது. அளக்கும் கோலே கோணலாக இருந்தால்? இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் சிவப்பணு அதிக நாள் சுற்றுவதால், சர்க்கரை ஏறாமலேயே எச்பிஏ1சி ஏறிக் காட்டலாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டதும் இறங்கிவிடும். மாறாக, அணுக்கள் சீக்கிரம் உடையும் நோய் இருந்தாலோ, ரத்தம் இழந்திருந்தாலோ, சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ, அணு இளசாக இருப்பதால் நிஜமான சர்க்கரை நோய் மறைந்துகொள்ளும்.

இது எங்கோ ஒன்றிரண்டு பேருக்கு நடக்கும் விதிவிலக்கு இல்லை. 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். பாதிக்கு மேல்! ஆண்களிலும் நாட்டில் நான்கில் ஒருவர். எல்லா ரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை, லேசான ரத்தசோகை பெரிய வித்தியாசமும் செய்யாது. ஆனாலும் இப்படி ஒரு நாட்டில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்காமல் எச்பிஏ1சியை மட்டும் வைத்து முடிவு சொல்வது, தராசில் எடைக்கல் சரியா என்று பார்க்காமல் தங்கம் வாங்குவது மாதிரி.

பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் மாற்றங்கள் தனிக் கதை. வடகிழக்கு மாநிலங்களில் ஹீமோகுளோபின் ஈ. பழங்குடி மக்களிடையே அரிவாள் செல். இந்தியாவில் அரிவாள் செல் முதலில் கண்டறியப்பட்டதே 1952ல் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். அந்த மலையில் ஒருவருக்கு எச்பிஏ1சி நார்மல் என்று வந்தால், அதை அப்படியே நம்பும் முன் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும்.

6.5 என்ற கோடும் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி பொருந்துமா என்பதும் கேள்விதான். சென்னை மக்களை வைத்து 2010ல் வெளியான ஓர் ஆய்வில், குளுக்கோஸ் குடிக்கும் டெஸ்ட்டோடு ஒப்பிட்டால் நோயைப் பிரித்துக் காட்டச் சிறந்த கோடு 6.1 என்று வந்தது. 6.5 என்று வைத்தால் அதற்குக் கீழே சிலர் நழுவுவார்கள். 6.1 என்று வைத்தால் நோய் இல்லாத சிலர் மாட்டுவார்கள். இலவசமாகக் கிடைக்கும் கோடு எதுவும் கிடையாது.

இரண்டு வகைத் தப்பு

புள்ளியியல் பாடத்தில் முதல் வகைப் பிழை, இரண்டாம் வகைப் பிழை என்று வரும். பரீட்சைக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகும் பகுதி. ரத்தப் பரிசோதனையில் அதற்கு உயிர் வந்துவிடுகிறது. நோய் இல்லாதவரை நோயாளி என்பது ஒரு தப்பு. நோயாளியை இல்லை என்பது இன்னொரு தப்பு. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும்.

ஒரு கணக்கு. ஒரு டெஸ்ட் நோய் உள்ள 100 பேரில் 80 பேரைச் சரியாகப் பிடிக்கிறது, நோய் இல்லாத 100 பேரில் 90 பேரைச் சரியாக விடுவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம் (இந்த 80ம் 90ம் கணக்குக்காக எடுத்த எண்கள்). நாடு முழுக்க எடுக்கப்பட்டு 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. ஆக 1000 பேரைக் கூப்பிட்டால் 144 பேர் நோயாளிகள். டெஸ்ட் அதில் 115 பேரைப் பிடிக்கும், 29 பேரைத் தவறவிடும். மீதி 856 பேரில் 86 பேரைத் தப்பாகப் பிடிக்கும். "உங்களுக்குச் சுகர்" என்று கேட்டவர்கள் மொத்தம் 201 பேர். அதில் உண்மையில் சுகர் உள்ளவர்கள் 115. அதாவது 57 சதவீதம்.

அதே டெஸ்ட்டை ஒரு காலேஜில் முகாம் போட்டு 1000 மாணவர்களிடம் செய்தால்? அந்த வயதில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு நோய் என்று வைத்தால் 20 பேர். 16 பேர் பிடிபடுவார்கள். தப்பாகப் பிடிபடுபவர்கள் 98 பேர். பயந்துபோய் வீட்டுக்குப் போன் பண்ணும் 114 பேரில் நிஜமான நோயாளிகள் 16 பேர்தான். வெறும் 14 சதவீதம். டெஸ்ட் அதேதான், மெஷின் அதேதான். மாறியது யாரிடம் செய்தோம் என்பது மட்டும்.

இப்போது அந்த 114 பேருக்கும் இரண்டாவதாக ஒரு டெஸ்ட், அதே திறமையோடு. 16ல் 13 பேர் நிற்பார்கள், 98ல் 10 பேர் நிற்பார்கள். 14 சதவீதம் ஒரே அடியில் 57 ஆகிவிட்டது. விலை? மூன்று பேர் நழுவுகிறார்கள். அதனால்தான் இரண்டாவதில் நார்மல் வந்தாலும் "போய் வா" என்று அனுப்பிவிடாமல் சில மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும்.

ஒரு நுணுக்கம். இந்தக் கணக்கு பலிக்க வேண்டுமானால் இரண்டு டெஸ்ட்டும் ஒரே காரணத்தால் தப்பக் கூடாது. ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு எச்பிஏ1சியைப் பத்துத் தடவை எடுத்தாலும் பத்துத் தடவையும் அதே கோணல்தான் வரும். அவருக்குத் தேவை ஃபாஸ்டிங்கோ, குளுக்கோஸ் டெஸ்ட்டோ. ஒரே சாட்சியைப் பத்து முறை கூப்பிடுவது பத்துச் சாட்சி ஆகாது.

மருத்துவ வழிகாட்டுதல்களும் இதையே சொல்கின்றன. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு எண்ணை வைத்து நீரிழிவு என்று முடிவு கட்டக் கூடாது. இரண்டு டெஸ்ட் வரம்பைத் தாண்ட வேண்டும், அல்லது ஒரே டெஸ்ட் இன்னொரு நாள் மறுபடி தாண்ட வேண்டும். விதி இருக்கிறது. கேட்பாரில்லை.

விரல் நுனி முகாம்கள்

இதைப் படிப்பவர்கள் "அப்படியானால் விரலில் குத்திப் பார்க்கும் முகாமெல்லாம் வீணா?" என்று கேட்கலாம். இல்லை. வடிகட்டுவது வேறு, முடிவு செய்வது வேறு.

குளுக்கோமீட்டருக்கு 2013ல் வந்த சர்வதேசத் தர விதி, 100க்கு மேல் உள்ள அளவுகளில் நூற்றுக்கு 95 முடிவுகள் 15 சதவீத வித்தியாசத்துக்குள் இருந்தால் போதும் என்கிறது. உண்மையில் 200 என்றால் 170 முதல் 230 வரை எது காட்டினாலும் மீட்டர் பாஸ். ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர் வீட்டில் பார்த்துக்கொள்ள இது போதும். ஒருவருக்கு நோய் இருக்கிறதா என்று எழுதிவைக்கப் போதாது. மாம்பழம் சாப்பிட்ட கையைக் கழுவாமல் குத்தினாலே எண் எகிறும். ரத்தசோகை இருந்தால் பல மீட்டர்கள் கூட்டித்தான் காட்டும்.

2021ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" வீட்டுக்கே வந்து சுகர் பார்க்கிறது. நல்ல வேலை. லேபுக்கே போகாத லட்சக்கணக்கானவர்களை வலைக்குள் கொண்டுவருவது சின்ன விஷயமில்லை. வலையில் விழுந்தவருக்கு அடுத்த கட்டமாக ஆய்வகப் பரிசோதனை கிடைக்கும்வரைதான் அது நல்ல வலை.

கர்ப்பிணிகள் விஷயத்தில் சென்னையிலேயே பெரிய விவாதம் நடந்திருக்கிறது. சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 2 மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை பார்த்தால் போதும், 140 தாண்டினால் கர்ப்பகால நீரிழிவு என்பது டாக்டர் வி. சேஷையா முன்வைத்த முறை. பஸ் பிடித்து வெறும் வயிற்றோடு வர முடியாத கிராமத்துப் பெண்ணை மனதில் வைத்து உருவானது. மத்திய அரசின் வழிகாட்டுதலிலும் இடம்பிடித்தது. ஆனால் வெறும் வயிற்றில் செய்யும் முறையோடு ஒப்பிட்டால் இது பலரைத் தவறவிடுகிறது என்று சென்னையில் இருந்தே 2014ல் ஓர் ஆய்வு வந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. எல்லோருக்கும் கிடைக்கிற சுமாரான டெஸ்ட்டா, சிலருக்கே கிடைக்கிற நல்ல டெஸ்ட்டா? இந்தக் கேள்விக்கு மெஷினிடம் பதில் இல்லை. மனிதர்கள்தான் பேசி முடிவு செய்ய வேண்டும்.

தப்புக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

"முழு உடல் பரிசோதனை, அறுபது டெஸ்ட், அதிரடி விலை" என்று விளம்பரம் வருகிறது. டெஸ்ட் எண்ணிக்கை கூடக் கூட எதிலாவது ஒன்றில் வரம்பு தாண்டும் வாய்ப்பும் கூடும். அது வியாபாரத்துக்கு நல்லது. திரும்பப் பார்ப்பது, குழாயை ஐஸில் வைப்பது, ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்த்துக் குறிப்பு எழுதுவது எல்லாம் செலவு. விளம்பரத்தில் போட முடியாத செலவு. ஆய்வகங்களுக்கான என்.ஏ.பி.எல். தரச் சான்றும் நாட்டில் விருப்பம் இருந்தால் வாங்கிக்கொள்வதுதான், கட்டாயமில்லை.

தப்பின் செலவு மட்டும் வேறொருவர் தலையில். நீரிழிவு என்று ஒரு தடவை பதிவானால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அது "ஏற்கெனவே உள்ள நோய்". பிரீமியம் ஏறலாம். அந்த நோய் சம்பந்தப்பட்ட க்ளெய்முக்குக் காத்திருக்க வேண்டும். 2024ல் விதி மாறிய பிறகும் அது 36 மாதம் வரை போகலாம். பெண் பார்க்கும் இடத்தில் "பொண்ணுக்குச் சுகராமே" என்ற ஒரு வார்த்தை என்ன செய்யும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு பக்கம், தப்பாக "நார்மல்" வாங்கிய ஒரு லாரி டிரைவர் ஐந்து வருஷம் கழித்துக் கண் மங்கி வந்து நின்றால், அந்த நஷ்டம் எந்த லேபின் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது.

"இப்படியெல்லாம் எழுதினால்..."

இதற்கு ஒரு பலமான மறுப்பு உண்டு. டெஸ்ட்டில் குறை இருக்கிறது என்று சொன்னால் ஜனங்கள் டெஸ்ட்டையே தூக்கிப் போட்டுவிடுவார்கள். "சுகரே ஒரு மாயை, மருந்துக் கம்பெனிகளின் சதி" என்று வாட்ஸப்பில் சுற்றுவதற்கு இது தீனி போடும். 280 வந்தவரும் "லேப் தப்பு" என்று சொல்லிக்கொண்டு பாகற்காய் ஜூஸோடு உட்கார்ந்துவிடுவார்.

பயம் நியாயமானது. அதனால் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சந்தேகத்துக்கு இடம் கோட்டுக்குப் பக்கத்தில்தான். தாகம், எடை குறைவு என்று அறிகுறிகளோடு 280 வந்தவருக்கு எந்த மறுபரிசீலனையும் தேவையில்லை, சிகிச்சைதான் தேவை. அதிலும் ஒரு குழந்தை அடிக்கடி தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, மெலிந்துகொண்டே போய், சர்க்கரையும் ஏறியிருந்தால் இரண்டாவது டெஸ்ட்டுக்கு அடுத்த வாரம் நாள் பார்க்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. இந்த நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு, 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் முன்நிலையில் என்கிறது அதே ஐ.சி.எம்.ஆர். ஆய்வு. நோய் மாயை இல்லை.

ஆனால் குறையை மறைத்து வைத்தால் நம்பிக்கை வளராது. ஒரு லேபில் 131, அடுத்த நாள் இன்னொரு லேபில் 118 என்று வந்தவரிடம், உடம்பின் ஏற்ற இறக்கத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை என்றால் அவர் என்ன முடிவுக்கு வருவார்? "எல்லாம் ஃப்ராடு" என்றுதான். சதிக் கதைகளுக்கு ஆள் சேர்ப்பது உண்மையைச் சொல்கிறவர்கள் இல்லை, சொல்லாமல் விடுகிறவர்கள்தான்.

லேப் தாளில் இரண்டு வரி கூடுதலாக அச்சடிக்க எவ்வளவு செலவாகும்? "அறிகுறி இல்லாதவருக்கு இந்த ஒரு முடிவை வைத்து நோய் என்று உறுதி செய்யக் கூடாது, இன்னொரு பரிசோதனை தேவை" என்று ஒரு வரி. "ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி மாறிக் காட்டலாம்" என்று இன்னொரு வரி. தமிழில், படிக்கிற அளவு எழுத்தில். எந்த முறையின் வரம்பு, ரத்தம் எடுத்தது எத்தனை மணிக்கு, மெஷினில் போட்டது எத்தனை மணிக்கு என்பதும் அதிலேயே இருந்தால் இன்னும் நல்லது. கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் லாபக் கணக்குக்குக் கீழே குறிப்புகள் போடச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. காரணம், குறிப்பு இல்லாத எண் பாதி உண்மைதான். பங்குதாரரின் பணத்துக்குக் கிடைக்கும் அந்த மரியாதை ஒரு மனிதரின் ரத்தத்துக்குக் கிடைக்கக் கூடாதா?

அது வரும்வரை, வரம்புக்குப் பக்கத்தில் ஒரு எண்ணோடு லேபை விட்டு வெளியே வருகிறவர் டாக்டரிடம் மூன்று விஷயம் கேட்டால் போதும். "இதை வேறு ஒரு டெஸ்ட்டால் உறுதி செய்ய வேண்டுமா? என் ஹீமோகுளோபின் எவ்வளவு? திரும்ப எப்போது பார்க்க வேண்டும்?" நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். 126ஓ 125ஓ, சர்க்கரை டப்பாவை ஒளித்து வைப்பதும் மைசூர்பாகு வாங்குவதும் அந்தப் பதில்கள் வந்த பிறகு இருக்கட்டும்.